பச்சைக் கம்பளத்தில் இரண்டு பிணங்கள்

பென்ஹாலோ குடும்பத்துப் பெண்கள் மேடையில் செத்தால் செத்ததுதான். படுதா இறங்கித் தரையைத் தொடும்வரை அவர்களுடைய இமைகூட ஆடாது. தாயார் ஹெஸ்டர் பென்ஹாலோ அன்னாபொலிசில் விஷம் குடித்து விழுந்து கிடந்தபோது விளக்கொன்று சாய்ந்து பாவாடை ஓரம் பற்றிக்கொண்டது. உடன் நடித்தவர் ஒரு ஜாடித் தண்ணீரைக் கொட்டி அணைத்தார். ஹெஸ்டர் அசையவில்லை. மகள் லுக்ரீஷியா சார்ல்ஸ்டனில் தன்னைக் குத்திக்கொண்டு கிடந்தபோது ஏதோ ஒரு கனவானின் வேட்டை நாய் மேடையேறி வந்து அவள் முகம் முழுவதையும் நிதானமாக நக்கியது. லுக்ரீஷியாவும் அசையவில்லை. நிஜமாகவே ஆள் போய்விட்டது என்று எண்ணி நாய்தான் ஊளையிட்டது.

இப்படிப்பட்ட குடும்பத்தை ஒரு மேனேஜர் அதன் பெருமையை வைத்தே மடக்கப் பார்த்தார் என்றால், அவருடைய துணிச்சலையாவது மெச்சத்தான் வேண்டும்.

அந்தக் குளிர்காலத்தில் லுக்ரீஷியா பென்ஹாலோவுக்கு ஐம்பத்தாறு வயது. பிறந்தது வர்ஜீனியாச் சாலையில், நாடகக் கம்பெனியின் சாமான் வண்டியில். விடுதலை யுத்த காலத்தில் நாடகம் கூடாது என்று தடை வந்தபோது கம்பெனியோடு ஜமெய்க்காவுக்குக் கப்பலேறி, அங்கே காய்ச்சலில் பாதிப் பேரைப் புதைத்துவிட்டுத் திரும்பி வந்தவள். கட்டிய கணவர் பிடில் வாசிப்பவர். அவருக்கென்று வேறு குடும்பப் பெயர் இருந்தது. ஆனால் கல்யாணத்துக்குப் பிறகு மாற்றிக்கொண்டது மாப்பிள்ளைதான். பென்ஹாலோ என்ற பெயர் சுவரொட்டியில் இருந்தால்தான் கூட்டம் வரும் என்று மாமியார் சொன்னாள். அவரும் மறுக்கவில்லை. மாமியாரை மறுத்தவர்கள் அந்தக் கம்பெனியில் நிலைத்ததில்லை. இப்போது கணவரும் இல்லை, தாயாரும் இல்லை. பிலடெல்பியாவில் ஆற்றங்கரைத் தெரு நாடகசாலையும், அங்கே அவளுக்குச் சொந்தமான ஒரு வேஷமும்தான் மிச்சம்.

சொந்தம் என்பது சும்மா பேச்சுக்காகச் சொல்வதல்ல. கம்பெனிகளில் வேஷ பாத்தியதை என்று ஒன்று உண்டு. ஒரு வேஷத்தை ஒருவர் ஏற்றுவிட்டால் நிலபுலன் மாதிரி அது அவருடையது. அவராகச் சபை முன்னால் விட்டுக்கொடுக்க வேண்டும். அல்லது மேனேஜரோ கம்பெனியில் வேறு ஒருவரோ சபை முன்னால் அறிவிக்க, பாத்தியதைக்காரர் அங்கேயே இருந்தும் மறுக்காமல் இருக்க வேண்டும். மறுத்தால் ஜனங்கள் கூச்சல் போட்டுத் தீர்ப்புச் சொல்வார்கள். மூன்றாவது வழி கிடையாது.

லுக்ரீஷியாவின் சொத்து, ‘ராவென்னாவின் மகள்’ நாடகத்தில் பியோரெல்லா. கோமகனின் ஒரே மகள், வயது பதினைந்து. அப்பன் அவளை ஒரு கிழவனுக்குக் கட்டிவைக்கப் பார்க்கிறான். அவள் கத்தியால் குத்திக்கொண்டு சாகிறாள். தோழி அழ, அப்பன் பிணத்தருகே நின்று புலம்ப, படுதா இறங்கும். லுக்ரீஷியாவுக்குப் பதினாறு வயதானபோது தாயார் அன்னாபொலிஸ் மேடையில் மகளின் கையைப் பிடித்து முன்னால் நிறுத்தி, “இன்று முதல் இவள்தான் பியோரெல்லா” என்றாள். அன்றிலிருந்து லுக்ரீஷியாவுக்குப் பதினைந்து வயதுதான்.

முழங்கால்களுக்கு மட்டும் இந்த விவரம் தெரியவில்லை. விழுவது இப்போதும் பூ உதிர்வது போலத்தான் இருந்தது. எழுவதுதான் பாடு. படுதா இறங்கியதும் இரண்டு தச்சர்கள் வந்து “ஒண்ணு, ரெண்டு, தூக்கு” என்று அவளை நிமிர்த்தினார்கள். அவர்கள் வெளியே மூச்சுவிடவில்லை. ஆனால் நாடகசாலையில் சுவருக்கும் காது உண்டு. அந்தக் காது மேனேஜர் ஆம்ப்ரோஸ் விட்லாக்கினுடையது.

விட்லாக்தான் கம்பெனியின் ராஜபார்ட். கோமகனாக வந்து மார்பை நிமிர்த்திக் கர்ஜிப்பவர். ஒரு நாள் மத்தியானம் அவர் லுக்ரீஷியாவைச் சிப்பிக்கடைக்கு அழைத்துப்போய் ஒரு பெரிய தட்டுச் சிப்பி வாங்கி வைத்தார்.

“அம்மணி, சிப்பி நல்லா இருக்கா?”

“சிப்பி நல்லாத்தான் இருக்கு. எதுக்கு வாங்கித் தர்றீங்கன்னுதான் புரியல.”

“ஒரு சின்ன யோசனை. பியோரெல்லாவோட செவிலித்தாய் வேஷம் இருக்கு பாருங்க. அதுல எவ்வளவு உருக்கம். யாரும் அதைச் சரியா செஞ்சதே இல்ல.”

“அந்தச் செவிலி ரெண்டாவது அங்கத்துல தூங்கிடுவா. அப்புறம் அவளை எழுப்ப நாடகம் எழுதினவனே மறந்துட்டான்.”

“உங்களுக்கும் ஓய்வு கிடைக்கும்னுதான் சொல்றேன். பியோரெல்லாவுக்குப் பதினஞ்சு வயசு, அம்மணி.”

“தெரியும். நாப்பது வருஷமா எனக்குப் பதினஞ்சுதான். பழகிப்போச்சு. உங்க வயசு என்ன?”

“நாப்பத்திரெண்டு.”

“என்னைவிடப் பதினாலு வயசு இளையவரு, என்னைப் பெத்தவரா வந்து நிக்கிறீங்க. நான் ஏதாவது கேட்டேனா?”

விட்லாக் சிரித்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, “போன வாரம் உங்களைத் தூக்க மூணாவது ஆள் வந்தான்னு கேள்விப்பட்டேன்” என்றார்.

லுக்ரீஷியா முள்கரண்டியைக் கீழே வைத்தாள். முதுகு ஏற்கெனவே நேராகத்தான் இருந்தது. இன்னும் கொஞ்சம் நேராயிற்று.

“என் வேஷம் வேணும்னா சிப்பிக்கடையில கேக்காதீங்க. சபையில கேளுங்க. நானும் சபையில பதில் சொல்றேன்.”

“நிச்சயமா அம்மணி” என்றார் விட்லாக். அவர் முகத்தில் அப்போது தோன்றிய புன்னகை, பொறியில் பாலாடைக்கட்டி வைத்தவனின் புன்னகை.

அதன் அர்த்தத்தை ஜோத்தாம் கிரேல் வந்து சொன்னார். மேடையோரத்து மறைவில் நாடகப் பிரதியோடு உட்கார்ந்து, மறந்த வசனத்தை எடுத்துக்கொடுப்பவர் அவர். மணியடித்துப் படுதாவை இறக்கச் சொல்வதும் அவர்தான். லுக்ரீஷியாவின் ஜாகைக்கு வந்து, மூக்குப்பொடி டப்பாவை எடுப்பதும் வைப்பதுமாக நெடுநேரம் இருந்தார்.

“சொல்ல வந்ததைச் சொல்லிட்டுத் தும்முங்க, ஜோத்தாம்.”

“மேனேஜர் ஒரு உத்தரவு போட்டிருக்காரும்மா. வெள்ளிக்கிழமை நீங்க செத்ததுக்கப்புறம், அவர் கையைத் தூக்கிக் காட்டுற வரைக்கும் நான் மணி அடிக்கக் கூடாதாம்.”

“எதுக்காம்?”

“சபையைப் பார்த்துப் பேசப்போறாரு. பென்ஹாலோ அம்மா இன்னையோட பியோரெல்லாகிட்ட விடைபெறுறாங்க, இனிமே அந்த வேஷம் தோழியா வர்ற டாமரிஸ் பொண்ணுக்குன்னு. நீங்க அவர் காலடியில கிடப்பீங்க. மறுத்துப் பேச முடியாது.”

லுக்ரீஷியா கணப்பில் ஒரு கட்டையைத் திருப்பிப் போட்டாள்.

“ஒரே ஒரு தடவை எந்திரிச்சிடுங்களேம்மா” என்றார் ஜோத்தாம். “ஜனங்க உங்க பக்கம்தான்.”

“எங்கம்மா பாவாடை எரிஞ்சப்போ எந்திரிக்கல. இந்த ஆளு வாயைத் திறந்ததுக்கா நான் எந்திரிக்கணும்?”

“அப்போ வேஷம் போயிடுமே.”

“போகாது. நீங்க அவர் சொன்னதை அப்படியே செய்யுங்க. அவர் கையைத் தூக்குற வரைக்கும் மணி அடிக்கக் கூடாது. கூரை இடிஞ்சு விழுந்தாலும் சரி.”

ஜோத்தாமுக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனால் உத்தரவுக்குக் கீழ்ப்படிவது அவருக்குக் கைவந்த கலை. இப்போது இரண்டு பேர் ஒரே உத்தரவைப் போட்டிருக்கிறார்கள். நிம்மதியாகத் தும்மினார்.

அவர் போன பிறகு லுக்ரீஷியா தன் முழங்கால்களைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். விட்லாக் சொன்னதில் பொய் இல்லை. மூன்றாவது ஆள் வந்தது உண்மை. எப்போதாவது ஒருநாள் இந்த வேஷத்தைக் கைமாற்ற வேண்டும் என்று அவளுக்கும் தெரியும். ஆனால் பென்ஹாலோக்கள் வேஷத்தைக் கொடுப்பவர்கள். அவர்களிடமிருந்து யாரும் பிடுங்கியதாக இல்லை. அதுவும் பிணத்தின் விரலிலிருந்து மோதிரம் கழற்றுவது போல. வேஷம் போவது ஒன்று, அது போகிற விதம் வேறொன்று. தாயாரின் காலம் முதல் காத்துவந்த பெயர் இரண்டாவதில்தான் இருக்கிறது.

வியாழக்கிழமை ஒத்திகை முடிந்ததும், நாடகசாலை வாசலில் மிளகு சூப் விற்பவளிடம் லுக்ரீஷியா ஒரு கிண்ணம் வாங்கிக்கொண்டு நின்றாள். டாமரிஸ் டைஸ் பின்னாலேயே வந்தாள். லங்காஸ்டரில் ரொட்டி சுடுபவரின் மகள். கம்பெனிக்குப் புதியவள். தோழி வேஷம்.

“அம்மா, உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். நாளைக்கு மேனேஜர்—”

“தெரியும்.”

டாமரிசின் முகம் சிவந்தது. “எனக்கு அந்த வேஷம் வேணும்மா. வேண்டாம்னு பொய் சொல்லமாட்டேன். தினமும் ஓரத்துல நின்னு நீங்க சாகறதைப் பார்த்துப் பார்த்து ஆசைப்பட்டிருக்கேன். ஆனா இப்படி வேண்டாம்.”

லுக்ரீஷியா சூப்பை ஊதி ஊதிக் குடித்தாள். அந்தப் பெண் மேடையில் பேசும்போது கடைசி வரிசைக்காரன் கொட்டையுடைப்பதை நிறுத்துகிறான் என்பதை அவள் முன்பே கவனித்திருந்தாள். கவனித்ததை யாரிடமும் சொல்லவில்லை.

“நாளைக்கு மேடையில என்ன நடந்தாலும் நீ அழுதுகிட்டே நில்லு. உன் வேஷம் அதுதானே?”

“என்ன நடக்கும்?”

“அழுதுகிட்டே நில்லு.”

“சிரிப்பு வந்தா?”

“கைக்குட்டையால மூஞ்சியை மூடிக்கோ. குலுங்கி அழற மாதிரியே இருக்கும்.”

வெள்ளிக்கிழமை சாயங்காலம் கொட்டகை நிரம்பி வழிந்தது. மேடையில் பச்சைக் கம்பளத்தை விரித்தபோதே மேல்மாடத்தில் கரகோஷம். பச்சைக் கம்பளம் விரித்தால் யாரோ சாகப்போகிறார்கள் என்று பிலடெல்பியாவில் பால்காரனுக்கும் தெரியும். சாகிறவர்களின் பட்டு உடை பலகைத் தூசியில் புரளக் கூடாது அல்லவா.

விட்லாக் அன்று அபாரமாக நடித்தார். கோமகனின் கோபத்தில் மெழுகுவத்திகள் ஆடின. அவருடைய ஒரு கண் மட்டும் அவ்வப்போது ஜோத்தாமின் மறைவைப் பார்த்துக்கொண்டது.

கடைசிக் காட்சி வந்தது. லுக்ரீஷியா வெண்பட்டு மணவுடையில் நடுமேடைக்கு வந்து கத்தியை உயர்த்தினாள். அமுக்கினால் அலகு பிடிக்குள் போய்விடும் நாடகக் கத்தி அது.

“தந்தையே, நீர் தேடிய மணமகள் இதோ” என்று சொல்லித் தன்னைக் குத்திக்கொண்டாள். கொட்டகை பெருமூச்சு விட்டது. டாமரிஸ் விம்மினாள்.

பியோரெல்லா விழவேண்டிய இடம் இது. பியோரெல்லா விழவில்லை. கத்தியைப் பிடுங்கிக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள்.

அவள் வசனத்தை மறந்துவிட்டாள் என்று நினைத்து ஜோத்தாம் மறைவிலிருந்து, “விழுகிறாள், விழுகிறாள்” என்று கிசுகிசுத்தார். விட்லாக்கும் உதட்டை அசைக்காமல், “விழுங்க அம்மணி” என்றார்.

பியோரெல்லா தள்ளாடித் தள்ளாடி அப்பனை நோக்கி நடந்தாள்.

“தந்தையே, இருட்டு வழி. தனியே போக அஞ்சுகிறேன். துணைக்கு வாரும்.”

கோமகனின் மார்பில் கத்தி பிடிவரை இறங்கியது.

நாடகத்தில் இல்லாத சாவு இது. விட்லாக் கல்தூணாக நின்றார்.

“என்ன பண்றீங்க?” என்று பல்லைக் கடித்தார்.

“குத்தியிருக்கேன். எல்லாரும் பார்த்துக்கிட்டிருக்காங்க. சாவுங்க.”

“மாட்டேன். நாடகத்துல அப்படி இல்ல.”

“அது உங்களுக்கும் எனக்கும் தெரியும். மேல்மாடத்துக்குத் தெரியாது.”

மேல்மாடம் பொறுமையிழந்துகொண்டிருந்தது. “நல்லாத்தான் குத்தினா” என்றது ஒரு குரல். “அப்புறம் ஏன் நிக்கிறாரு?” என்றது இன்னொன்று. “அப்பனுக்கு நெஞ்சே இல்லப்பா, அதான் வலிக்கல.” சிரிப்பு எழுந்தது. ஓர் ஆப்பிள் பறந்து வந்து கோமகனின் காதோரம் போயிற்று. மேல்மாடத்தார் அடுத்த ஆப்பிளைக் குறி தவறாமல் எறிவார்கள் என்பது விட்லாக்கின் நீண்டகால அனுபவம்.

கோமகன் விழுந்தார். கம்பளத்தில் சுத்தமான இடமாகப் பார்த்துத்தான் விழுந்தார். ஆனாலும் ராஜபார்ட் ராஜபார்ட்தானே. கடைசி மூச்சில் நாலு வரி பேசிவிட்டுப் போகலாம் என்று முழங்கையை ஊன்றி, “ராவென்னா மக்களே” என்று ஆரம்பித்தார். லுக்ரீஷியா அருகில் குனிந்து, ஒரு மகளின் பரிவோடு அவர் கண்களை மூடினாள்.

“பேசாதீர், தந்தையே. உமது உயிர் பிரிந்துவிட்டது.”

டாமரிஸ் கைக்குட்டையால் முகத்தை மூடிக்கொண்டு குலுங்கினாள். கீழ்த்தளத்தில் சில பெண்கள் அவளுக்காக இரக்கப்பட்டார்கள்.

லுக்ரீஷியா கத்தியைக் கீழே போட்டுவிட்டு மேடையின் விளிம்புக்கு வந்தாள். விளக்குகளுக்குப் பின்னால் முகங்கள் வரிசை வரிசையாகத் தெரிந்தன. அந்த முகங்களில் பாதி, அவளைப் பார்த்தபடியே நரைத்தவை.

“சீமாட்டிகளே, கனவான்களே. பியோரெல்லாவுக்கு உயிர் இன்னும் கொஞ்சம் பாக்கி இருக்கிறது. அதற்குள் இரண்டு வார்த்தை. இந்த வேஷத்தை என் தாயார் ஹெஸ்டர் பென்ஹாலோ சபை முன்னால் என் கையில் கொடுத்தார். இன்று நான் அதை இந்தப் பெண் டாமரிஸ் டைஸின் கையில் கொடுக்கிறேன். என் வாயால், என் மனமறிய. மறுப்பு உண்டா?”

யாரும் பேசவில்லை. பணக்காரர்கள் உட்காரும் பெட்டி இருக்கையில் ஒரு கிழவர் எழுந்து நின்று தொப்பியைக் கழற்றினார். அவரைப் பார்த்து இன்னொருவர் எழுந்தார். பிறகு கீழ்த்தளம் முழுவதும் எழுந்தது. டாமரிசின் கைக்குட்டை இப்போது உண்மையாகவே நனைந்தது.

“இரண்டாவது” என்றாள் லுக்ரீஷியா. “ராவென்னாவின் கோமகன் காலமாகிவிட்டார். நீங்களே பார்த்தீர்கள். சிம்மாசனம் காலியாக இருப்பது ஊருக்கு நல்லதல்ல. அடுத்த ஆட்டம் முதல் கோமகன் வேஷத்தை நானே ஏற்கிறேன். பழைய கோமகனுக்கு இதில் மறுப்பு இருந்தால், தாராளமாக எழுந்து சொல்லலாம்.”

கொட்டகை மொத்தமும் பிணத்தைப் பார்த்தது.

பிணத்துக்கு வியர்த்தது. எழுந்தால் இந்த ஊரில் இனி எந்தச் சாவையும் நம்பவைக்க முடியாது. ஆப்பிள் போதாதென்று முட்டையும் வரும். எழாவிட்டால் பதினொரு வருஷத்து ராஜபார்ட் கைவிட்டுப் போகும். பிணத்தின் தொண்டைக்குழி ஏறி இறங்கியது. ஆனால் அது எழவில்லை.

“மறுப்பு இல்லை” என்றாள் லுக்ரீஷியா. “எங்கள் தந்தை எப்போதுமே பெருந்தன்மையானவர்.”

பிறகு அவள் நடுமேடைக்குத் திரும்பி, பியோரெல்லாவின் கடைசி மூச்சை விட்டு, பூ உதிர்வது போல விழுந்தாள். கடைசி முறை என்பதால் கொஞ்சம் மெதுவாகவே உதிர்ந்தாள். பட்டுப் பாவாடை அழகாக விரிந்தது. அவள் இமை மூடியது.

இனிப் படுதா இறங்க வேண்டும்.

இறங்கவில்லை. ஜோத்தாம் மறைவில் மணிக்கயிற்றைப் பிடித்தபடி மேனேஜரின் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். உத்தரவு உத்தரவுதான். மேனேஜரின் கை கம்பளத்தில் செத்துக்கிடந்தது.

மெழுகுவத்தி உருகியது. யாரோ இருமினார்கள். “மணி” என்று பிணம் உதடசைக்காமல் முனகியது. ஜோத்தாம் அசையவில்லை. வாயால் சொல்வதைப் பற்றி உத்தரவில் ஒன்றும் இல்லை. “ஏன்டா மணி அடிக்க மாட்டேங்கிற” என்று பிணம் இன்னும் கொஞ்சம் உரக்க முனகியது. லுக்ரீஷியா பக்கத்தில் கல்லறைச் சிலை போலக் கிடந்தாள்.

கடைசியில் ராவென்னாவின் கோமகனுடைய வலது கை, மண்ணைப் பிளந்து முளை வருவது போல, மெல்ல மெல்ல மேலே எழுந்து நின்றது.

“பொணம் கையைத் தூக்குது” என்றான் மேல்மாடத்தில் ஒருவன்.

“சொர்க்கத்துல வேஷம் கேக்குறாருடா.”

அதன் பிறகு எழுந்த சிரிப்பில் மணியோசை கேட்கவில்லை. ஆனால் ஜோத்தாம் அடித்தார். படுதா இறங்கியது.

விட்லாக் துள்ளியெழுந்தார். பொய்முடி ஒரு காதில் தொங்கியது. “இது அக்கிரமம், அம்மணி. இது நாடகமே இல்ல. எந்திரிங்க, பேசுவோம்.”

லுக்ரீஷியா கண்ணைத் திறக்கவில்லை. “படுதா தரையைத் தொட்டுச்சா?”

“தொட்டுச்சும்மா” என்றாள் டாமரிஸ்.

அப்போதுதான் லுக்ரீஷியா கண்ணைத் திறந்தாள். தச்சர்கள் வருவதற்குள் டாமரிஸ் ஒரு பக்கமும் ஜோத்தாம் ஒரு பக்கமுமாக அவளைத் தூக்கி நிறுத்தினார்கள். அவள் பாவாடையைத் தட்டிவிட்டு மேனேஜரை ஏற இறங்கப் பார்த்தாள்.

“சபையில கேளுங்கன்னு சொன்னேன். பிணத்துகிட்ட கேக்கணும்னு நீங்கதான் நினைச்சீங்க. நானும் பிணத்துகிட்டயே கேட்டுட்டேன். ஆனா ஒண்ணு சொல்றேன், தப்பா எடுத்துக்காதீங்க. செத்தவன் கையைத் தூக்கலாமா? உங்க வீட்டுல இதெல்லாம் சொல்லித் தர ஆள் இல்லையா?”

அடுத்த வாரமே ‘ராவென்னாவின் மகள்’ மறுபடி போடப்பட்டது. கூட்டம் கதவை உடைத்தது. விட்லாக் மேனேஜர் அல்லவா, கதவு உடைவதைப் பார்த்தபின் கோபத்தை மடித்து உள்ளே வைத்துக்கொண்டார். அவருக்குக் கிழ மாப்பிள்ளை வேஷம் கிடைத்தது. பொருத்தமாக இருக்கிறது என்று ஊரில் பேசிக்கொண்டார்கள்.

லுக்ரீஷியா பென்ஹாலோ தாடி வைத்துக் கோமகனாக வந்தாள். அந்த வேஷத்தில் அவள் கண்ட பெரிய சௌகரியம், நாடகம் முடியும்வரை கோமகன் விழவே வேண்டாம். நின்றபடியே புலம்பினால் போதும். புலம்புவதில் அவள் விட்லாக்கை மிஞ்சினாள். எப்படிப்பட்ட மகளைப் பறிகொடுத்தோம் என்பது அவளைவிட யாருக்குத் தெரியும்.

நாலாவது ஆட்டத்தில் பியோரெல்லாவின் பிணத்தின் மேல் கோமகன் குனிந்து கதறும்போது, பசை இளகித் தாடி முழுவதும் கழன்று டாமரிசின் முகத்தில் விழுந்தது. மூக்கின் மேல் ஒரு பூனைக்குட்டி போல அது உட்கார்ந்துகொண்டது. மேல்மாடம் சிரித்தது. பெட்டி இருக்கைகள் சிரித்தன. டாமரிஸ் மூச்சு விடும்போதெல்லாம் தாடி மேலும் கீழும் ஆடியது.

டாமரிஸ் அசையவில்லை. இமைகூட ஆடவில்லை.

தாடியில்லாத கோமகன் இன்னும் கொஞ்சம் குனிந்து, யாருக்கும் கேட்காமல், “சரி, நீ எங்க வீட்டுப் பொண்ணுதான்” என்றார்.

படுதா தரையைத் தொடும்வரை டாமரிஸ் அதற்குப் பதில் சொல்லவில்லை.